களிமண்ணுக்குள் கரண்ட் விட்டால் கெட்டியாகுமா? 1939-லேயே செய்து காட்டிய இன்ஜினியர்!

களிமண் என்றாலே கட்டுமானக்காரர்களுக்குத் தலைவலிதான். உள்ளே இருக்கிற தண்ணீரை எடுத்துவிட்டால் மண் இறுகிவிடும். ஆனா அதுதான் அவ்வளவு சுலபமில்லை. மணலில் குழாய் இறக்கி மோட்டார் போட்டால் தண்ணீர் கொட்டும். களிமண்ணின் துளைகளோ மிக மிக நுண்ணியவை. தண்ணீர் வடிய மாதங்கள், சில இடங்களில் வருடங்களே ஆகும்.

அந்தத் தண்ணீரை மின்சாரத்தால் இழுக்க முடியும். இதற்குப் பெயர் எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ்.

எப்படி வேலை செய்கிறது?

களிமண் துகளின் மேற்பரப்பில் நெகட்டிவ் சார்ஜ் இருக்கும். அதனால் துகளை ஒட்டிய தண்ணீரில் சோடியம், கால்சியம் போன்ற பாசிட்டிவ் அயனிகள் கூடி நிற்கும். மண்ணில் இரண்டு கம்பிகளை இறக்கி டிசி கரண்ட் கொடுத்தால், இந்த அயனிகள் நெகட்டிவ் கம்பியை நோக்கி நகரும். போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே துளையிட்ட குழாய் இருந்தால், சேரும் தண்ணீரை பம்ப் வைத்து எடுத்துவிடலாம். துளை சிறுசா இருக்கிறதே என்ற கவலை இங்கே இல்லை. இந்த ஓட்டத்தின் வேகம் துளையின் அளவைப் பெரிதாகப் பொறுத்ததல்ல.

முதலில் செய்தது யார்?

1809-ல் மாஸ்கோவில் ராய்ஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்டறிந்தார். மண்ணை நிறுத்தப் பயன்படுத்தியவர் லியோ காசாகிராண்டே. 1939-ல் ஜெர்மனியின் சால்ஸ்கிட்டரில் ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளத்தில், இளகிய மண் சரிவு நிற்கவே இல்லை. கரண்ட் கொடுத்ததும் வேலை தொடர்ந்தது. தண்ணீர் முழுசா வடியும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. சரிவின் முகப்பை நோக்கிக் கசிந்த நீரை உள்பக்கமாகத் திருப்பினாலே சரிவு நிற்கும்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

மின் செலவு ஒரு காரணம். பாசிட்டிவ் கம்பி அரித்துப்போகும். அதைச் சுற்றியுள்ள மண் காய்ந்து வெடித்தால் தொடர்பே அறுந்துவிடும். உப்பு அதிகமுள்ள களிமண்ணில் கரண்ட் தாராளமாக ஓடும், ஆனால் தண்ணீர் அந்த அளவுக்கு வராது.

பைசா சாய்ந்த கோபுரத்தைக் காப்பாற்றவும் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள், கைகொடுக்கவில்லை. கடைசியில் கோபுரத்தின் வடக்குப் பக்க அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தோண்டி எடுத்துத்தான் சாய்வைக் குறைத்தார்கள். 1990-ல் மூடிய கோபுரம் 2001 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.