ரமோன் வால்தேஸ்

ரமோன் வால்தேஸ் (2 செப்டம்பர் 1923 – 9 ஆகஸ்ட் 1988), மெக்சிகோ நகரில் பிறந்த திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் 'தின் தான்' இவருடைய அண்ணன். அண்ணனின் படங்களில் சிறு வேடங்களில் தொடங்கி, மெக்சிகோ திரையுலகின் பொற்காலத்தில் பல படங்களில் நடித்தார். ஆனால் அவரை இலத்தீன் அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கு வீடு அறிந்த முகமாக்கியது, 1970களில் செஸ்பிரீத்தோ உருவாக்கிய 'எல் சாவோ தெல் ஓச்சோ' தொலைக்காட்சித் தொடரே. அதில் அவர் தோன் ரமோன்: மனைவியை இழந்தவர், மகள் சிலிந்திரினாவைத் தனியே வளர்ப்பவர், நிலையான வேலை இல்லாதவர். பதினான்கு மாத வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் பாரிகாவைக் கண்டாலே ஒளிவார்; பக்கத்து வீட்டு தோன்யா புளோரிந்தாவிடம் காரணமின்றி அறை வாங்குவார். வறுமையை இழிவுபடுத்தாமல் சிரிக்க வைத்ததே அவர் நடிப்பின் பெருமை. 1979இல் தொடரின் நடிகர் குழுவிலிருந்து விலகி, 1981இல் சிறிது காலம் திரும்பினார். வயிற்றுப் புற்றுநோயால் மெக்சிகோ நகரில் காலமானார்.