வாடகை கொடுத்தவர்கள்

மழை விட்டு வானம் வெளுத்த நாளில் செண்பகனூரிலிருந்து பஸ் ஏறிக் கொடைக்கானலில் இறங்கி, குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை நடந்து போய் வருவேன். இந்த வயதில் அதற்கு அரை நாள் ஆகிறது. கோயிலுக்குப் பின்னால் நின்றால், மஞ்சு விலகும்போது கீழே பழனி மலை ஒரு கூழாங்கல் அளவுக்குத் தெரியும். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன். ஆனால் சில வருஷமாக அந்த ஊரைப் பார்த்தால் எனக்கு முருகனோடு இன்னொருவர் நினைப்பும் வந்துவிடுகிறது. ஜி. நாகராஜன்.

பழனியில் வக்கீலாக இருந்த கணேச அய்யரின் பிள்ளை அவர். பிறந்தது மதுரையில், 1929 செப்டம்பர் 1. நாலு வயசிலேயே தாயார் இறந்துபோனார். பாட்டி வீடு, மாமன் வீடு என்று கைமாறி வளர்ந்து, மறுபடி பழனிக்கே வந்து பள்ளிப் படிப்பை முடித்தார். மதுரைக் கல்லூரியில் இன்டர்மீடியட்டில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, சர் சி.வி. ராமன் கையால் தங்கப் பதக்கம் பெற்றார். இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால் எவ்வளவு கனவு கண்டிருப்போம்!

படிப்பு முடிந்து சென்னை ஏ.ஜி. ஆபீசில் ஒரு வருஷம் வேலை பார்த்தார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணித விரிவுரையாளர். கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பால் அந்த வேலை நிலைக்கவில்லை. பின்னால் கட்சியும் அவருக்கு நிலைக்கவில்லை. மதுரையில் டுடோரியல் கல்லூரிகளில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார். அவர் வகுப்பு என்றால் பையன்கள் கூட்டம் கூடும் என்பார்கள்.

நிற்க. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் வெர்லேன் பாட்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒரு வரி தவறினால் முழங்காலில் நிற்க வேண்டும். ஆனால் அந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார் என்று மட்டும் வாத்தியார் மூச்சு விடவில்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெர்லேன் பாரிஸ் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆக, அவரும் குமாஸ்தா, நாகராஜனும் ஒரு வருஷம் கணக்கு ஆபீசில் உட்கார்ந்தவர், நானும் குமாஸ்தா. மூவரில் முழுசாக சர்வீஸ் போட்டுப் பென்ஷன் வாங்குகிறவன் நான்தான். எழுத்தில் தேறாதவனும் நான்தான்.

வெர்லேன் 1870இல் மத்தில்து என்ற பெண்ணைக் கட்டினார். அவளுக்கு அப்போது வயது 17. மறு வருஷம் ரேம்போ என்ற இளங்கவி வீட்டுக்கு விருந்தாளியாக வந்தான். குழந்தை பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனைவியை விட்டுவிட்டு அவனோடு கிளம்பிவிட்டார். 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில், குடிபோதையில் அதே ரேம்போவைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு மணிக்கட்டில் பட்டது. 2 வருஷம் சிறைத் தண்டனை. கடைசி வரை பணம் கொடுத்துத் தாங்கிய பெற்ற தாயையே பின்னால் கைநீட்டித் தாக்கி, அதற்கும் ஒரு மாதம் உள்ளே இருந்தார். எங்களை முழங்காலில் நிற்க வைத்தது இந்த மனுஷனின் பாட்டுக்காகத்தான்!

நாகராஜன் யாரையும் சுடவில்லை. தன்னைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டார். முதல் மனைவி கல்யாணமான சில மாதங்களிலேயே இறந்துபோனார். 1962இல் இரண்டாம் திருமணம். அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை. ஒரு பெண், ஒரு பிள்ளை. அடுத்த வருஷமே ‘குறத்தி முடுக்கு’ வந்தது. விலைமாதர் தெருவில் தங்கம் என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பவனின் கதை. 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். பிழைப்பதற்கு எதையும் செய்கிற அவன், மீனாவை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று தவிக்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நல்லவன் கெட்டவன் என்று அவர் யாருக்கும் சீட்டு எழுதிக் கட்டவில்லை. அந்தத் தைரியம் தமிழில் அப்போது யாருக்கு இருந்தது?

நண்பர்கள் அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சுந்தர ராமசாமி ‘நினைவோடை’ வரிசையில் ஒரு புத்தகமே சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று உடுத்தி வந்தவர், பின்னாளில் அழுக்கு வேட்டியோடு, குடியும் கஞ்சாவுமாக, காசு கேட்டு வந்து நின்ற கதை அது. சி. மோகன் எழுதியதையும் படித்தேன். கடைசியாக மதுரை அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். குளிர்கிறது, குளிர்கிறது என்றாராம். 1981 பிப்ரவரி 19ஆம் தேதி போய்விட்டார். 51 வயசு. இங்கே மார்கழியில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அந்த வரி நினைவுக்கு வரும்.

ஆனால் நான் படித்தவற்றிலெல்லாம் அவர் வருவார், காசு வாங்குவார், பேசுவார், போவார். போன பிறகு வீடு என்ன ஆயிற்று என்பது ஒன்றிரண்டு வரியோடு சரி. மத்தில்து தன் பக்கத்தைத் தானே எழுதி வைத்தாள். அதுகூட அவள் இறந்து 21 வருஷம் கழித்து, 1935இல்தான் அச்சேறியது.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. குறை என்னிடமே இருக்கிறது. என் சின்ன மாமா காரைக்காலில் கவிஞர் என்று பேர் எடுத்தவர். நல்ல குரல், நல்ல தமிழ், நல்ல குடி. வேறொரு தெருவில் வேறொரு தொடுப்பும் உண்டு. ராத்திரி எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவார். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா சோறு போடுவாள். அவர் இறந்து முதல் வருஷம், நண்பர்கள் ஒரு நினைவு மலர் போட்டார்கள். அதில் நானும் இரண்டு பக்கம் எழுதினேன். கடற்கரையில் அவர் பாடியது, பிரெஞ்சுக் கவிதைகளை என் வாயால் கேட்டு ரசித்தது, எல்லாம் எழுதினேன். கூட்டத்தில் கைதட்டல்.

முன் வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார். மலரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. இதுல வீட்டு வாடகை யாரு குடுத்தாங்கன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா தம்பி?”

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடியிருக்கிறார். நான் “அடுத்த பதிப்புல போட்டுடலாம் அத்தே” என்றேன். ஆபீசில் கட்டைத் தள்ளி வைக்கச் சொல்கிற அதே பதில். அடுத்த பதிப்பு வரவில்லை. அத்தையும் போய்ப் பல வருஷம் ஆகிறது.

ஆகவே இப்போது எழுதி வைக்கிறேன். வாடகை மாதம் 12 ரூபாய். பின்னால் 20 ஆயிற்று. ஒரு பழைய தையல் மெஷினில் ரவிக்கையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்துக் கொடுத்தவர் அத்தை. தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி இரண்டு மணி வரை அந்த மெஷின் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மாமா நடுத்தெருவில் பாடிக்கொண்டு வருவதும் அதே நேரத்தில்தான் கேட்கும். நான் பாட்டை மட்டும் எழுதினேன்.