செத்தவன் கத்துக்கிற ஆட்டம்

'சிஎஸ் பழகணும், எங்கண்ணா ஆரம்பிக்கிறது?' என்று எங்கள் கள்ளிக்குப்பம் பசங்க அடிக்கடி கேக்குறாங்க. எந்தத் துப்பாக்கி வாங்கணும், மவுஸ் வேகம் எவ்வளவு வைக்கணும்னு சொல்ல யூட்யூபில் ஆயிரம் பேர் இருக்காங்க. நான் கொஞ்சம் வரலாறு சொல்றேன். ஆட்டம் ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சுட்டா, எப்படி ஆடணும்ங்கறது பாதி தானா வந்துடும்.

1999 ஜூன் மாதம் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் மேல் ஒட்டுவேலை செய்து கவுன்டர் ஸ்டிரைக்கின் முதல் சோதனைப் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அப்போது பணயக்கைதிகளை மீட்பது மட்டும்தான் வேலை. பாம் வைக்கிறதும் எடுக்கிறதும் அதே வருஷம் நவம்பரில்தான் வந்தது. 2000-இல் வால்வ் நிறுவனம் ஆட்டத்தை வாங்கி, அந்த நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது. நம்ம ஊர் பசங்க தலைகீழாகத் தெரிஞ்சு வச்சிருந்த 1.6 பதிப்பு 2003 செப்டம்பரில் வந்தது.

அந்தக் காலத்தில் மற்ற சுடும் ஆட்டங்களில் செத்தால் அடுத்த நொடியே எழுந்து ஓடலாம். 1999-இல் வந்த குவேக் 3 அப்படித்தான். சிஎஸ்ஸில் செத்தால் செத்ததுதான். ரவுண்டு முடியும்வரை உட்கார்ந்து மத்தவங்க ஆடுறதைப் பார்க்கணும். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான். உயிருக்கு விலை வந்ததும் அவசரம் குறைஞ்சுது, கூட்டாளியின் தேவை கூடிச்சு. செத்தவனுக்கும் சும்மா இருக்கும் நேரம் ஒரு வகுப்பாக ஆச்சு.

அந்த வகுப்பு நடந்த இடம் ப்ரௌசிங் சென்டர். செங்குன்றம் சாலைப் பக்கமும் அம்பத்தூர் ஓ.டி. பக்கமும் 2000-களில் அப்படி நிறைய இருந்தது. அப்போதிருந்த நெட் வேகத்தில் வெளியூர்க்காரனோடு ஆடுவது கனவு. ஆனால் லேன் கேபிள் போட்டால் நெட்டே வேண்டாம், பத்து கம்ப்யூட்டர் இருந்தால் ஐந்துக்கு ஐந்து. எல்லாரும் ஒரே அறையில். புதுசா வந்த பையன் செத்ததும் எழுந்து போய் நல்லா ஆடுறவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். பெரிய பசங்களும் 'டேய், ஓடிக்கிட்டே சுடாதடா' என்று தலையில் தட்டிச் சொல்லுவாங்க. ஒரு மணி நேரக் காசில் ஆட்டமும் கிடைச்சுது, வாத்தியாரும் கிடைச்சார்.

இப்போ அந்தக் கடைகள் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையாகவோ மொபைல் கடையாகவோ மாறியாச்சு. 2020-இல் வேலரன்ட், 2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்டிரைக் 2. இரண்டையும் வீட்டில் இருந்தே இலவசமாக ஆடலாம். வால்வின் சர்வர் பட்டியலில் 'சென்னை - அம்பத்தூர்' என்றே ஒரு இடம் வந்தது! சிங்கப்பூர் சர்வருக்கு ஏங்கிய ஊருக்கு சர்வரே பக்கத்தில். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை. புதுப் பையன் தனியா ஹெட்செட் மாட்டிக்கிட்டு, முகம் தெரியாத நாலு பேரிடம் திட்டு வாங்கி, ஒரே வாரத்தில் விட்டுடறான். எனக்கு வருத்தமே இதுதான்.

அதனால புதியவர்களுக்கு நான் சொல்றது, அந்தக் கடை இலவசமாகக் கொடுத்ததை நீங்களே உண்டாக்கிக்கணும்.

முதலில், செத்ததும் போனை எடுக்காதீங்க. உயிரோடு இருக்கும் கூட்டாளியின் திரையைப் பாருங்க. அவன் எங்கே நிற்கிறான், எப்போ நின்னு சுடுறான், மூலை திரும்பும் முன்பே குறியை தலை உயரத்தில் எப்படி வச்சிருக்கான்னு கவனிங்க.

இரண்டாவது, பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்க. 'எங்கடா இருக்கான்?' என்று யாரும் கேட்கும் முன்பே இடம், எத்தனை பேர், பாம் இருக்கா, அவ்வளவுதான். செத்த கோபத்தில் கத்தினால் உயிரோடு இருப்பவனுக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்காது.

மூன்றாவது, காசு அஞ்சு பேருக்கும் பொது என்று நினைங்க. கையில் 800 டாலரோடு ஆரம்பிப்பீங்க. கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் ஏ.கே. 47 விலை 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000. தோத்த ரவுண்டுக்கும் 1400-இலிருந்து 3400 வரை காசு வரும். நாலு பேர் சேர்த்து வைக்கும்போது நீங்க மட்டும் வாங்கினால், அடுத்த ரவுண்டில் எல்லாரிடமும் துப்பாக்கி இருக்கும், உங்களிடம் இருக்காது.

நான்காவது, பாமை எடுக்க 10 நொடி, கிட் இருந்தால் 5. வெடிக்க 40 நொடிதான். கிட் விலை 400. அதை வாங்குகிற ஆளுக்கு கைதட்டல் கிடைக்காது, ஆனால் ரவுண்டு கிடைக்கும்.

கடைசியா, திட்டுறவனை மியூட் பண்ணுங்க, கத்துக்கொடுக்கிறவனை விடாதீங்க. முடிஞ்சால் வாரத்தில் ஒருநாள் தெருவில் நாலு நண்பர்களைக் கூப்பிட்டு ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுங்க. உங்களைவிடப் புதுசா ஒருத்தன் வந்தால், செத்ததும் எழுந்து போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நில்லுங்க.