மன்னார் வளைகுடாவின் சுண்ணாம்புப் பாசித் தளம்: தனியே மதிப்பிட வேண்டிய வாழிடம்

கடற்பாசி பற்றி வளரக் கல் வேண்டும். சென்னையின் பெசன்ட் நகர்க் கரை மணற்பாங்கானது. அங்கே பாசிக்குப் பிடிமானம் குறைவு. தமிழகத்தில் பாசி செழிப்பது தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பவளப் பார்களில். அப்பார்களின் நலத்தைப் பெரும்பாலும் உயிர்ப்பவளத்தின் பரப்பைக் கொண்டே சொல்கிறோம். பவளத்துக்கும் பாசிக்கும் தளமாகும் சுண்ணாம்புப் பாசியும் அதே தகுதியில் மதிப்பிடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுண்ணாம்புப் பாசி ஒரு செம்பாசி. செல்சுவரில் மக்னீசியம் மிகுந்த கால்சைட்டைப் படியவைத்துக் கல்லாக இறுகுவது. 1758இல் லின்னேயஸ் இதை விலங்குகளோடு வைத்தார். தாவரம் என 1837இல் ஃபிலிப்பி காட்டினார். ஆம்ஃபிரோவா, ஜேனியா போன்றவை மூட்டு மூட்டாகக் கிளைக்கும். வேறு சில கல்மேல் ஓடாகப் படரும். அன்றைய திருச்சி மாவட்டத்து நினியூர்ப் பாறைகளில் இவ்வகையின் தொல்லெச்சங்களை எல். ராமராவும் யூலியஸ் பியாவும் 1936இல் விவரித்தனர்.

ஓடாகப் படரும் பாசி, உதிர்ந்த பவளச் சல்லியைக் காரைபோல் ஒட்டி நிறுத்துகிறது. அலையில் உருளும் சல்லியில் இளம்பவளம் பிழைப்பது அரிது. பல பவள இனங்களின் இளவுயிர்கள் இந்த ஓடும் அதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் தரும் வேதிக்குறிப்பை உணர்ந்தே அமர்கின்றன. அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசி பற்றி வளர்வதும் இறந்த பவளக் கற்களில்தான். ஆகவே ‘செத்த பவளம்’ எனக் கணக்கில் ஒதுக்கப்படும் இடம் பல வேளைகளில் உயிருள்ள தளம்.

சதைப்பற்றுள்ள பாசிகள் நிழலாலும் வண்டலாலும் இந்த ஓட்டினை மூடிவிடாவா என்று கேட்கலாம். மூடும், மேய்வன குறைந்த இடத்தில் அது விரைந்து நிகழும். கிளிமீனும் கடல் முள்ளெலியும் மேயும்போது ஓடு வெளிச்சம் பெறுகிறது. தன் மேலடுக்கை உதிர்த்தும் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. எனவே பாசி இருப்பதைக் குற்றமாகக் கொள்ளாமல் மேய்ச்சலும் வண்டலும் எந்நிலையில் உள்ளன என்று பார்ப்பதே முறை.

சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டியெடுத்த காலத்தில் இத்தளமும் சேர்ந்தே போயிற்று. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு கடலில் மூழ்கின. 2001இல் பவளத்துக்கு வனவுயிர்ச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனால் வளர்ப்புக்காகக் கொணர்ந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் பரவியது. 2010, 2016 ஆண்டுகளின் வெப்பம் பவளத்தை வெளிறச் செய்தது. கடல்நீர் அமிலமாகும்போது மக்னீசியம் மிகுந்த கால்சைட் எளிதில் கரையும் என்பதால், இந்த ஓட்டுக்கு வரும் இடர் பெரிது. அதன் வளர்ச்சியோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே.

ஐரோப்பிய ஒன்றியம் 1992இன் வாழிட நெறியாணையில் இரு சுண்ணாம்புப் பாசி இனங்களைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. நமக்கும் அத்தகைய ஏற்பாடு தேவை. பாம்பன் பகுதியில் பாசியெடுக்கும் பெண்கள் தாமே கூடி, கடலில் இறங்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டவர்கள். கல்லைச் சுரண்டாமல் பாசியை மட்டும் பறித்தால் ஓடு தப்பும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தோடு இணையக்கூடிய விதி. ஓட்டின் பரப்பு, சல்லியின் உறுதி, வண்டல், மேய்வன ஆகிய நான்கையும் உயிர்ப்பவளத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். அந்தப் பணியில் இப்பெண்களுக்கு இடம் தர வேண்டும்.