பிணைப்புக் கோட்பாட்டின் வரலாறு

பிணைப்புக் கோட்பாடு என்பது வளர்ச்சி உளவியலின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. கைக்குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் இடையிலான உணர்வுப் பிணைப்பு எவ்வாறு உருவாகிறது, அது அறுபட்டால் என்ன நேர்கிறது, பிற்கால வாழ்க்கையில் எவ்வாறு தொடர்கிறது என்பவற்றை இது விளக்குகிறது. பிரித்தானிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990) இதை வகுத்தார். கனடாவில் வளர்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் (1913–1999) நேரடி ஆய்வுகளால் இதற்குச் சான்று தேடித்தந்தார்.

பியாஜேயின் அறிதிறன் வளர்ச்சி நிலைகளையும் எரிக்சனின் எட்டுப் பருவங்களையும் போல, இதுவும் மனித வளர்ச்சி பற்றிய பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் நான்கு வகைப் பிணைப்புகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். மருத்துவமனைக் கட்டிலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை தேறிவிட்டதா, மனம் ஒடிந்துபோயிருக்கிறதா என்ற கேள்வியும் இக்கோட்பாட்டின் பிறப்பில் இருந்தது என்பது அந்தப் பட்டியலில் தெரிவதில்லை.

தமிழில் இதைச் சிலர் பற்று என்றும் பற்றுக்கோடு என்றும் எழுதுகின்றனர். துறவு நூல்கள் விடச் சொல்லும் பற்றோடு குழப்பம் நேரக்கூடும் என்பதால் இக்கட்டுரையில் பிணைப்பு என்ற சொல்லே கையாளப்படுகிறது.

முன்பிருந்த எண்ணம்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என்று பெரும்பாலான உளவியலாளர்கள் கருதினர். மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்ட நடத்தையியலாரும் உளப்பகுப்பாய்வாளரும் இதில் மட்டும் ஏறத்தாழ ஒத்துப்போயினர். பசி தீர்வதால் தாய் இனிமையாகிறாள், அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. நடத்தையியலின் தந்தை எனப்படும் ஜான் வாட்சன், 1928இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம் என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் பெற்றோருக்கு அறிவுரை கூறினார்.

மருத்துவமனைகளிலும் இதே மனப்போக்கு இருந்தது. குழந்தைகள் பிரிவில் பெற்றோர் வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே அனுமதிக்கப்பட்டனர். சில இடங்களில் அதுவும் இல்லை. இதற்கு மருத்துவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் தொற்றுநோய் ஒரு வார்டையே காலி செய்துவிடும். அதோடு செவிலியர் அன்றாடம் கண்ட ஒரு காட்சியும் விதியை நியாயப்படுத்தியது. சேர்த்த அன்று குழந்தை கதறும். சில நாட்களில் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து போனால் மறுபடி அழும். ஆகவே தாய் வருவதுதான் குழந்தையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினர்.

பிரிவை ஆராய்ந்தவர்கள்

இந்த முடிவை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரியாவில் பிறந்த ரெனே ஸ்பிட்ஸ். அவர் இரண்டு நிறுவனங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளை ஒப்பிட்டார். ஒன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். தூய்மைக்கும் உணவுக்கும் குறைவில்லை, ஆனால் ஒரு செவிலியர் பல குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மற்றொன்று பெண்கள் சிறையை ஒட்டிய காப்பகம். அங்கே தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர். 1945, 1946ஆம் ஆண்டுகளில் வெளியான அறிக்கைகளின்படி, இல்லத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரண்டாண்டுகளுக்குள் இறந்தன. சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு எனப் பின்னர் விமர்சிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் தூய்மையும் பாலும் மட்டும் போதும் என்று அதன்பின் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

பௌல்பி லண்டனின் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை அரச குடும்பத்துக்கு அறுவை மருத்துவர். அக்கால உயர்குடி வழக்கப்படி அவரைச் செவிலித்தாயரே வளர்த்தனர். மிகவும் நேசித்த செவிலித்தாய் ஏறத்தாழ அவருடைய நான்காம் வயதில் வேலையை விட்டுப் போனதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரித்தானிய நகரங்களிலிருந்து குழந்தைகள் பெருந்திரளாக நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆபத்தானது என்று பௌல்பி, டொனால்டு வின்னிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மூவரும் அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவ இதழ் ஒன்றில் எச்சரித்தனர்.

1944இல் பௌல்பி வெளியிட்ட ஆய்வு, திருட்டுப் பழக்கத்துக்காகச் சிகிச்சை நிலையத்துக்கு வந்த 44 சிறுவர் சிறுமியரைப் பற்றியது. அவர்களில் யாரிடமும் அன்பு காட்டாதவர்கள் என அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர், இளம் வயதில் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். ஆனால் நேர்காணல் செய்தவரும் வகைப்படுத்தியவரும் அவரே என்பதால் இதை முடிந்த சான்றாகக் கொள்ள முடியாது. உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி அவர் எழுதி 1951இல் வெளியான தாய்ப் பராமரிப்பு பற்றிய அறிக்கைதான் அவரை உலகறியச் செய்தது.

லாராவின் எட்டு நாட்கள்

கோட்பாடு மருத்துவமனைக் கதவைத் தட்டியது ஜேம்ஸ் ராபர்ட்சன் வழியாக. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர், போர்க்காலத்தில் ஆன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கும் பணியாளராகச் சேர்ந்தவர். அங்கே பணிபுரிந்த எல்லோரும், யாராக இருந்தாலும், குழந்தைகளைப் பற்றிக் கவனித்ததைக் குறித்துவைக்க வேண்டும் என்பது விதி. குழந்தையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ராபர்ட்சன் அந்தக் குறிப்புகளில்தான் கற்றார்.

1948 முதல் பௌல்பியோடு சேர்ந்து பணியாற்றிய அவர், மருத்துவமனையில் விடப்பட்ட சிறு குழந்தைகளிடம் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் எதிர்ப்பு: அழுது, கத்தி, கதவையே பார்த்துக்கொண்டிருப்பது. அடுத்து நம்பிக்கையிழப்பு: ஓய்ந்துபோய், எதிலும் நாட்டமின்றி இருப்பது. கடைசியாக விலகல்: எல்லோரிடமும் சிரித்துப் பழகுவது, ஆனால் தாய் வந்தால் அவளை அறியாததுபோல் இருப்பது. செவிலியர் தேறிவிட்டது என்று மகிழ்ந்தது இரண்டாம், மூன்றாம் கட்டங்களைத்தான்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆகவே கையடக்கக் கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு, சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் சேர்க்கப்பட்ட லாரா என்ற இரண்டரை வயதை எட்டாத சிறுமியைப் படம்பிடித்தார். வேண்டிய காட்சியை மட்டும் பொறுக்கியதாகப் பழி வரக்கூடாதென்று நாள்தோறும் குறித்த நேரங்களில் படமெடுத்தார். நேரம் தெரியும்படி வார்டுக் கடிகாரமும் படத்தில் இடம்பெற்றது. லாரா அடம்பிடித்து அழும் குழந்தை அல்ல. பொம்மைக் கரடியைக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, அவ்வப்போது அம்மா எங்கே என்று கேட்பாள். கடைசி நாளில் வீட்டுக்குக் கிளம்பும்போது தாயின் கையைப் பிடிக்க மறுத்தாள்.

1952 நவம்பரில் லண்டன் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் படம் திரையிடப்பட்டபோது கூடியிருந்த மருத்துவர்கள் கொதித்தனர். விதிவிலக்கான குழந்தையைத் தேர்ந்தெடுத்தார், தொழிலையே இழிவுபடுத்தினார் என்று குற்றம் சாட்டினர். அப்படிக் கோபப்பட்டவர்களுள் குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தியும் ஒருவர். ஆனால் தம் வார்டுக்குத் திரும்பிப் பார்த்தபோது, படத்தில் கண்டதே அங்கும் கண்ணில் பட்டது. பின்னர் அவர் தாய்மார் உடன் தங்க இடமளித்தார். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே இதைச் செய்திருந்தார், பெரும்பாலோர் பின்பற்றவில்லை. 1959இல் அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் வருகைக்குக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகளும் பெற்றோர் இயக்கமும் தேவைப்பட்டன.

பாலா, அணைப்பா?

பிரிவு வலிக்கிறது என்பது தெரிந்தது. ஏன் வலிக்கிறது என்பதற்குப் பழைய விளக்கம் போதவில்லை. பௌல்பி விலங்கியலின் பக்கம் திரும்பினார். பொரித்தவுடன் கண்ட உருவத்தை வாத்துக்குஞ்சுகள் பின்தொடர்வதைக் கொன்ராட் லோரென்ஸ் 1935இல் விவரித்திருந்தார். அங்கே உணவூட்டலுக்கு இடமே இல்லை. 1958இல் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ தம் குரங்கு ஆய்வுகளை வெளியிட்டார். செம்முகக் குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு தாயும் மென்துணியால் ஒரு தாயும் செய்துவைத்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டிகள் நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைப் பற்றிக்கொண்டே கழித்தன. முற்றிலும் தனிமையில் வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் மற்றக் குரங்குகளோடு பழக இயலாமல் போயின. இந்த ஆய்வுகளின் கொடுமை இன்றும் கண்டிக்கப்படுகிறது; கண்டிக்கத்தக்கதே.

அதே ஆண்டில் பௌல்பி தம் கோட்பாட்டை முழு வடிவில் முன்வைத்தார். குழந்தையின் அழுகை, சிரிப்பு, பற்றிக்கொள்ளல், பின்தொடர்தல் ஆகியவை பேணுபவரை அருகில் வைத்திருக்க இயற்கைத் தேர்வு தந்த நடத்தைகள் என்றார். உளப்பகுப்பாய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. விலங்குகளைக் கொண்டு மனித மனத்தை எளிமைப்படுத்துகிறார் என்றனர். பௌல்பி 1969, 1973, 1980ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாகப் பதிலளித்தார்.

உகாண்டாவும் பால்டிமோரும்

மேரி ஐன்ஸ்வொர்த் 1950இல் நாளிதழ் விளம்பரம் பார்த்து பௌல்பியின் குழுவில் சேர்ந்தார். 1954இல் கணவரின் பணி காரணமாக உகாண்டா சென்றபோது, கம்பாலாவைச் சுற்றிய ஊர்களில் 26 குடும்பங்களைத் தொடர்ந்து சென்று பார்த்தார். குழந்தைகள் தாயை ஒரு தளமாகக் கொண்டு, தவழ்ந்து சென்று உலகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை அங்கே கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எனச் சென்று குறிப்பெடுத்தார்.

ஏறத்தாழ 20 நிமிடம் நடக்கும் புதிய சூழல் சோதனை அந்த ஆய்வின் இறுதியில் வருவது. பழக்கமில்லாத அறையில் தாய் வெளியே போகிறார். அந்நியர் ஒருவர் இருக்கிறார். தாய் திரும்பி வருகிறார். குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்தது என்பதே முக்கியம். ஓடிவந்து ஆறுதல் பெற்று விளையாட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பான பிணைப்பு. தாயைக் கவனிக்காமல் விளையாடினால் தவிர்க்கும் பிணைப்பு. ஆறுதல் அடையாமல் ஒட்டிக்கொண்டும் உதறியும் நின்றால் தடுமாறும் பிணைப்பு. ஒழுங்கற்ற பிணைப்பு என்ற நான்காவதை மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980களில் சேர்த்தனர்.

மறுப்புகள்

தாய் வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்று பௌல்பி சொல்வதாகப் பலர் புரிந்துகொண்டனர். வேலைக்குப் போன பெண்கள் குற்றவுணர்வைச் சுமந்தனர். அவருடைய தொடக்ககால எழுத்து அதற்கு இடம் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். பல கைகளில் வளரும் குழந்தைகளை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்று மானிடவியலாளர் மார்கரெட் மீட் எதிர்த்தார். 1964இல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்த ஷாஃபரும் எமர்சனும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானவை ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருப்பதைக் கண்டனர். தந்தை, பாட்டி, அண்டை வீட்டார் எனப் பலர் அதில் இருந்தனர். 1972இல் மைக்கேல் ரட்டர், பிணைப்பே உருவாகாமல் போவதும், உருவான பிணைப்பு அறுபடுவதும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். பௌல்பி பலவற்றை ஏற்றுத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

சோதனையும் எல்லா ஊருக்கும் பொருந்தவில்லை. ஜப்பானின் சப்போரோவில், தாயைவிட்டுத் தனியே இருந்தே பழகாத குழந்தைகள் மிகவும் கலங்கின. ஜெர்மனியின் பீலெஃபெல்டில் தவிர்க்கும் பிணைப்பு அதிகமாகத் தெரிந்தது. அங்கே பெற்றோர் சிறு வயதிலேயே தன்னிச்சையாக இருக்கப் பழக்கினர். எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை 1988இல் தொகுத்தபோது, நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு அதிகமாக இருந்தது.

முதுமை வரை

பிணைப்பு குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்பது பௌல்பியின் உறுதியான கருத்து. துணையை இழந்தவர்களை ஆராய்ந்த காலின் மர்ரே பார்க்ஸும் அவரும், உணர்வு மரத்தல், ஏக்கமும் தேடலும், நிலைகுலைவு, மீள் ஒழுங்கு என்ற கட்டங்களை 1970இல் விவரித்தனர். ராபர்ட்சன் வார்டில் கண்டவற்றோடு இவை ஒத்திருப்பது தற்செயல் அல்ல. 1987இல் ஹேசனும் ஷேவரும் காதல் உறவுகளுக்கு இதைப் பொருத்தினர். இன்று இணையத்தில் உலவும் பிணைப்புப் பாணி வினாடி வினாக்களின் மூலம் அதுதான். அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மின்னசோட்டாவில் 1970களில் தொடங்கிப் பிறப்பு முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, முதல் ஆண்டுப் பிணைப்பு பிற்காலத்தைத் தீர்மானித்துவிடுவதில்லை, ஆனால் அதன் சுவடு தெரிகிறது என்று காட்டியது.

புக்கரெஸ்ட்

1989இல் ருமேனியாவில் செளசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தனர். வரிசை வரிசையான தொட்டில்களுக்கு இடையே நிலவிய அமைதிதான் அங்கு சென்றவர்களைத் திடுக்கிடச் செய்தது. அழுதால் யாரும் வருவதில்லை என்பதால் குழந்தைகள் அழுவதை விட்டிருந்தன.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் 2000இல் தொடங்கிய ஆய்வில், 6 முதல் 31 மாதம் வரையான 136 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். குலுக்கலில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு ஏறத்தாழ இல்லாத நிலையில், ஆய்வுக்குழு தன் செலவில் 56 குடும்பங்களை உருவாக்கியது. இல்லத்தில் இருந்த எந்தக் குழந்தைக்கும் குடும்பம் கிடைத்தால் தடுப்பதில்லை என்றும் முன்பே முடிவு செய்திருந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் பாதுகாப்பான பிணைப்பு உருவாகும் வாய்ப்பு தெளிவாக அதிகமாக இருந்தது. அறிதிறனிலும் அவர்கள் முன்னேறினர். பிந்திச் சென்றவர்களிடம் பலன் குறைவாகவே தெரிந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, கடும் உடற்குறை உள்ளவர்களைத் தவிர, இல்லங்களில் சேர்க்கக்கூடாது என்று ருமேனியா 2004இல் சட்டம் இயற்றியது.