என்பு காக்கும் மூன்று பொருள்கள்

முதுமையெய்திய பெண்ணொருத்தி கிணற்றடியிலோ அடுக்களை வாயிலிலோ கால்வழுக்கி விழ, இடுப்பென்பு முறிந்து படுக்கையிற் கிடத்தல் எவ்வூரிலும் காணப்படுவதொன்று. வயலும் குளமும் சூழ்ந்த இறக்காமம் போன்ற அம்பாறை மாவட்டத்து ஊர்களும் இதற்கு விலக்கல்ல. வீட்டார் விழுந்த இடத்தையும் ஈரத் தரையையும் நொந்துகொள்வர். ஆயின் அவ்வென்பு வலுவிழக்கத் தொடங்கியது அன்றைக்கன்று. மாதவிடாய் நிற்கும் காலந்தொட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அது நொய்மையுற்று வந்தது. மாதவிடாய் பற்றிய பேச்சு வீட்டின் உட்புறத்தைத் தாண்டி வாராமையால் இவ்விழப்பும் பேசப்படாமலே போகின்றது.

இவ்விழப்பைத் தடுக்கும் முயற்சியில் மூன்று பொருள்கள் ஒருங்கு வைத்துப் பேசப்படுகின்றன. ஒன்று, பெண்மை ஓமோனாகிய ஈஸ்திரசன். ஏனையவை விற்றமின் டியும் விற்றமின் கேயும் ஆம். இம்மூன்றும் கண்டறியப்பட்ட வரலாறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவ்வரலாற்றை அறியாதார் ஒன்றன் புகழை மற்றொன்றன்மேல் ஏற்றி மயங்குதல் எளிது.

முதலில் வெளிப்பட்டது டி. கைத்தொழில் நகரங்களில் குழந்தைகளின் கால்களை வளைத்த கணைநோய்க்கு 1919ஆம் ஆண்டளவில் இரு வேறு பரிகாரங்கள் கிடைத்தன. இலண்டனில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளைக் கொண்டு ஆராய்ந்து, மீனெண்ணெய் அந்நோயைத் தடுக்குமெனக் காட்டினார். பேர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி புறவூதா ஒளி விளக்கினாலேயே குழந்தைகளைக் குணப்படுத்தினார். உண்ணும் எண்ணெயும் உடலிற்படும் ஒளியும் ஒரே பயனைத் தந்தமை அக்கால அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. 1922இல் அமெரிக்க அறிஞர் மக்கொலம், மீனெண்ணெயிலுள்ள விற்றமின் ஏயை அழித்த பின்னரும் அவ்வெண்ணெய் கணைநோயைத் தீர்த்தலைக் கண்டு, அதனுள் உறைந்த புதிய பொருளுக்கு டி எனப் பெயரிட்டார். தோலிலுள்ள கொழுப்புப் பொருளொன்றே வெயில் பட்டு டியாக மாறுகின்றதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வகைப் பொருள்களின் இரசாயன அமைப்பை ஆராய்ந்த செருமானியர் அடொல்ப் விண்டவுஸ் 1928இல் நொபெல் பரிசு பெற்றார்.

இவ்வுண்மைக்கு நம் பக்கத்து நாடே சான்று தந்தது. இந்தியாவில் ஹச்சிசன், ஷா என்னும் இருவர் 1922இல் வெளியிட்ட ஆய்வு, நல்லுணவு உண்டும் வீட்டினுள் அடைபட்டு வாழ்ந்த செல்வக் குடும்பங்களிலேயே இந்நோய் மிகுந்திருந்ததை எடுத்துக்காட்டிற்று. காசுமீரத்தில் மருத்துவம் புரிந்த கதலீன் வோன் என்னும் பெண்மணி, திரைக்குள் வாழ்ந்த மகளிர் என்பு மெலிந்து மகப்பேற்றில் இடருற்றமையையும், ஏரியிற் படகு வாழ்க்கை நடத்திய ஏழைப் பெண்கள் அவ்விடரின்றி இருந்தமையையும் 1920களில் எழுதினார். வெயில் மிக்க நாட்டிலும் வெயிற் பஞ்சம் உண்டென்பது அன்றே நிறுவப்பட்ட உண்மையாகும்.

விற்றமின் கே வேறொரு வாயிலாக வந்தது. 1929இல் கோப்பன்கேகனில் ஹென்ரிக் டாம் என்பார் கொழுப்பு நீக்கிய தீனியைக் கோழிக்குஞ்சுகளுக்கு இட்டு ஆராய்ந்தபோது அவை குருதி கசிந்து வருந்தின. குருதியை உறையச் செய்யும் உணவுப்பொருள் ஒன்று குறைந்தமையே காரணமென அவர் தெளிந்து, உறைதலைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லின் முதலெழுத்தால் 1935இல் அதற்குக் கே எனப் பெயர் வைத்தார். 1939இல் அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தோருள் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகத்து எட்வர்ட் டொய்சி சிறந்தவர். 1943ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நொபெல் பரிசை டாமும் டொய்சியும் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விடத்தில் மூன்று வரலாறுகளும் சந்திக்கின்றன. கேயைப் பிரித்த டொய்சியே பத்தாண்டுகட்கு முன், 1929இல், ஈஸ்திரோன் என்னும் பெண்மை ஓமோனைப் பளிங்கு வடிவிற் பெற்றவர். அதே ஆண்டில் செருமனியில் அதனைத் தனியே பிரித்தெடுத்த அடொல்ப் பூற்றெனன்ற், டியை ஆராய்ந்த விண்டவுசின் மாணாக்கர். ஆகவே மூன்று பொருள்களும் ஆய்வுக்கூடங்களில் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் உறவுகொண்டு பிறந்தவை எனலாம். ஆயினும் என்புக்கும் பெண்மை ஓமோனுக்கும் உள்ள தொடர்பு அப்பொழுது புலனாகவில்லை. பொஸ்ரன் நகர மருத்துவர் புல்லர் ஒல்பிரைற்று 1940, 1941ஆம் ஆண்டுகளில், முதுகென்பு நொய்ந்து வந்த நோயாளருட் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற மகளிரே எனக் கண்டு அத்தொடர்பை நிறுவினார். என்பு நாள்தோறும் கரைந்தும் கட்டப்பட்டும் வருவது; கரைக்கும் உயிரணுக்களை ஈஸ்திரசன் அடக்கி வைக்கின்றது. அது குன்றியதும் கரைதல் கட்டுதலை விஞ்சுகின்றது. இதுவே நோயின் மூலம்.

1942இல் சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்திரசன் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் ரொபேட் வில்சன் என்னும் மருத்துவர் எழுதிய நூல் அம்மாத்திரையை இளமையின் ஊற்றெனப் புகழ்ந்தது. 1975இல் அப்புகழ் சரிந்தது; ஈஸ்திரசனை மட்டும் உண்டோர்க்குக் கருப்பை உட்சுவரிற் புற்றுநோய் மிகுவதாக ஆய்வுகள் காட்டின. அதன்பின் கருப்பையுடையோர்க்குப் புரொஜெஸ்ரரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உறுதிப்பட்டது.

அவ்விணைப்பு மருந்தை 16,608 மகளிரிடம் சோதித்த அமெரிக்கப் பேராய்வு, 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தப்பட்டது. மருந்துண்ணும் பதினாயிரம் பெண்களுள் ஓராண்டில் மார்புப் புற்றுநோய் எட்டும், பக்கவாதம் எட்டும், இருதய நோய் ஏழும், நுரையீரற் குருதிக்கட்டி எட்டும் மிகுதியாயின. இடுப்பென்பு முறிவு ஐந்தும் குடற் புற்றுநோய் ஆறும் குறைந்தன. செய்தி பரவியதும் உலகெங்கும் மகளிர் மருந்தைக் கைவிட்டனர். ஆயின் அவ்வாய்வில் சேர்ந்தோரின் சராசரி அகவை அறுபத்துமூன்று. அறுபது அகவைக்குட்பட்டோர்க்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாதோர்க்கும் நன்மை தீமைகளின் நிறை வேறென்பது பின்னர் உணரப்பட்டது. புகழும் அச்சமும் இருமுறையும் அளவு கடந்து நின்றன.

அப்பேராய்வின் மற்றொரு பகுதி டியைச் சோதித்தது. 36,282 மகளிருட் பாதிப்பேர்க்கு நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் கல்சியமும் நானூறு அலகு டியும் அளிக்கப்பட்டன. 2006இல் வெளியான முடிவு ஆர்வலரை ஏமாற்றியது: இடுப்பென்பின் அடர்த்தி சற்றே கூடிற்று, முறிவு ஐயத்திற்கிடமின்றிக் குறையவில்லை, சிறுநீரகக் கல் சிறிது மிகுந்தது. ஆயினும் 2014இல் அதே தரவுகளை மீள நோக்கியோர், ஓமோனும் கல்சியத்தோடு கூடிய டியும் ஒருங்கு பெற்றவரிடையே இடுப்பென்பு முறிவு மேலும் குறைந்திருத்தலைக் கண்டனர். இதன் நியாயம் எளிதிற் புலப்படும். ஈஸ்திரசன் கரைதலைத் தடுக்கும் காவலாள். டி குடலிலிருந்து கல்சியத்தை உடலுட் கொணரும் சுமையாள். கொணரப்படாத பொருளைக் காவல் செய்தலாற் பயனில்லை. காவலற்ற களஞ்சியத்தை நிரப்புதலாலும் பயன் சிறிதே.

கேயின் பங்கு நுட்பமானது. 1974இல் அது சில புரதங்களிற் கல்சியத்தைப் பற்றும் இடங்களை உண்டாக்குவதெனக் கண்டறியப்பட்டது. அத்தகைய புரதமொன்று என்பிலும் இருத்தல் அடுத்த சில ஆண்டுகளில் வெளிப்படவே, கே என்பையும் காக்குமென்னும் நம்பிக்கை எழுந்தது. யப்பானில் 1995 முதல் கேயின் ஒரு வகை என்பு நொய்மைக்கு மருந்தாக வழங்கப்பட்டது. ஆயின் கனடாவில் 440 மகளிரிடம் நிகழ்ந்து 2008இல் வெளியான ஆய்வில் கேயின் மற்றொரு வகையை நாளும் உண்டோர்க்கு என்பின் அடர்த்தி காக்கப்படவில்லை. எனவே ஓமோனுக்கு வலிய சான்றும், டிக்குத் துணைச் சான்றும், கேக்கு நலிந்த சான்றுமே உள எனல் நேர்மையாகும்.

கே குருதியை உறையச் செய்வதாதலின், ஓமோன் உண்பார் கீரையை அஞ்ச வேண்டுமோ என ஐயுறுவாருமுளர். உணவிலுள்ள கே நலமுடையாரிடம் வேண்டாத குருதிக்கட்டியை உண்டாக்குவதில்லை. அவ்விடர் விழுங்கும் ஈஸ்திரசனால் வருவது. ஆயின் வோபரின் என்னும் உறைவெதிர் மருந்தை உண்பார் கே மாத்திரையை மருத்துவரைக் கேளாது தொடலாகாது. அம்மருந்து வேலை செய்வதே கேயைத் தடுப்பதனாலாகும். விசுகொன்சின் பல்கலைக்கழகத்தில் ஒளியூட்டி உணவில் டியை உண்டாக்கும் உரிமத்தைக் காக்க 1925இல் நிறுவிய மன்றத்தின் பெயரே வோபரின் என்னும் பெயரின் முதலெழுத்துகளானமை வரலாற்றின் விந்தை.

இனி இறக்காமத்திற்கு மீள்வோம். அங்கு வெயிலுக்குக் குறைவில்லை. எனினும் வீட்டுப் பணியும், வெளிச்செல்லுங்கால் உடல் மூடும் உடையும், கருநிறத் தோலும் டி உண்டாதலைக் குறைக்கத்தக்கன. கொழும்பு அலுவலகங்களில் காலை முதல் மாலை வரை கூரையின்கீழ் இருக்கும் மகளிர்க்கும் இதுவே நிலை. உடைவழக்கத்தை மாற்றுதல் இதற்கு வேண்டுவதன்று. மதிலாற் சூழ்ந்த வீட்டு முற்றத்தில், வெயில் ஏறிய வேளையில், கைகால்களிற் சிறிது நேரம் வெயில் படுதல் போதிய பயன் தரும். கண்ணாடி ஊடாக வரும் வெயில் பயன்படாது. கல்முனைக் கடற்கரையினின்று வரும் சூடையும் கீரிமீனும் டியைத் தருவன. முள்ளோடு உண்ணும் சிறுமீன் கல்சியம் தரும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் கேயின் நிறைந்த இருப்பிடங்கள். தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டுதல் அதனை உடல் ஏற்கத் துணைசெய்யும். இவை மருந்துக்கு மாற்றல்ல. மருந்து பயன்படுதற்குரிய நிலம் ஆகும்.

ஓமோன் வேண்டுமா என்பது அகவையும் குடும்ப நோய்வரலாறும் நோக்கி மருத்துவர் கூறவேண்டியது. அதனைக் கேட்பதற்குப் பெண் நாணாதிருத்தலும், கேட்க அவளுக்கு வீட்டார் வழிவிடுதலும் அதற்கு முந்தியன. நூறாண்டு ஆய்வின் பயன் ஒரு மூதாட்டியின் இடுப்பென்பு வரை சென்று சேருதற்கு எஞ்சியுள்ள தொலைவு, ஆய்வுக்கூடத்திற்கும் மருந்துச்சாலைக்கும் இடைப்பட்டதன்று. வீட்டின் உட்புறத்திற்கும் வாயிற்படிக்கும் இடைப்பட்டதே.