புகை விடும் பொம்மை ரயில்

நீராவி ரயில் என்றாலே புகைதான். அந்தப் புகையைப் பொம்மை ரயிலிலும் வரவழைக்க அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946ஆம் ஆண்டில் வழி கண்டது. எஞ்சினுக்குள் இருந்த சிறப்பு பல்பின் மேல் ஒரு வில்லையை வைத்தால், சூட்டில் அது புகைந்தது. மறு ஆண்டே பல்புக்குப் பதிலாக நிக்ரோம் கம்பிச் சுருள் வந்தது. சக்கரம் சுழலச் சுழல, சிறிய பிஸ்டன் புகையை வெளியே தள்ளியது.

ஆண்டுகள் பல சென்றால் வில்லையின் கசடு இறுகி, காற்றுத் துளையை அடைத்துவிடும், கம்பியும் அறுந்துபோகும். பழுதுபார்ப்போர் கசடைச் சுரண்டி, புதுக் கம்பி சுற்றுகின்றனர். சிலர் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து, வில்லைக்குப் பதில் புகை எண்ணெய் ஊற்றுகின்றனர். புகை நன்றாக வரும். ஆனால் பழைய அமைப்பு மாறிவிடும். ஓட்டிப் பார்ப்பதா, அப்படியே காப்பதா? கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தினால், ரயிலும் ஓடும், வரலாறும் பிழைக்கும்.